இரவு இரண்டு மணிக்கு யார் பதில் சொன்னார்கள்?

2021 மே மாதத்தின் நடுவாரம். தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நிற்பதால், லேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் கழிந்த இரவு ஏறத்தாழ ஒன்றுதான். உள்ளறையில் மாமனாருக்குக் காய்ச்சல். கதவுக்கு வெளியே ஸ்டூலில் கஞ்சிக் கிண்ணம், வெந்நீர் ஃபிளாஸ்க், பாராசிட்டமால் அட்டை. மருமகள் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போய் அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார். 93. விரலை மாற்றி மாட்டினால் 95. மறுபடி பழைய விரல், 92. மணி இரண்டு. அரசு உதவி எண் 104-ல் லைன் கிடைக்கவில்லை. தெரிந்த டாக்டரின் போன் சுவிட்ச் ஆஃப். குடும்ப வாட்ஸ்அப் குழு மட்டும் விழித்திருக்கிறது. ஒருவர் ஆவி பிடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் கற்பூரம், ஓமம், கிராம்பைத் துணியில் முடிந்து முகரக் கொடுத்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வாய்ஸ் நோட் போடுகிறார். குப்புறப் படுக்க வைக்கும் படம் ஒன்று வருகிறது. கடைசியாக, யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டின் போட்டோ, ஸ்டீராய்டு மாத்திரையின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. இந்த நான்கில் ஒன்று உண்மையிலேயே கைகொடுக்கக்கூடியது. ஒன்று ஆளையே சாய்த்துவிடக்கூடியது. எது எது என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

கொரோனா காலத்துத் தவறான தகவல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பழி அந்தப் பெண்ணின் மீதோ அந்தக் குழுவின் மீதோதான் போய் விழுகிறது. மக்கள் எதையும் நம்பிவிடுகிறார்கள், படித்தவர்களே ஃபார்வர்டு பண்ணுகிறார்கள் என்று முடித்துக்கொள்கிறோம். இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் பொய்யை விரும்பித் தேடிப் போகவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது, 'இப்போது, இந்த அறையில், நான் என்ன செய்ய வேண்டும்' என்ற ஒரே கேள்விக்கான பதில். அரசும் மருத்துவ உலகமும் டிஜிட்டல் வழியில் ஏராளமாகப் பேசின. ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கு எழுதப்பட்டதே அல்ல. வதந்தி அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. தவறாகச் சொன்னது, ஆனாலும் சொன்னது.

நர்ஸ் வேலை வீட்டுக்கு வந்தபோது

வீட்டுத் தனிமைக்கான மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலைப் படித்தால், வீட்டில் ஒருவர் தலையில் எவ்வளவு பெரிய பொறுப்பு ஏற்றப்பட்டது என்பது புரியும். இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். அவருக்கும் மருத்துவமனைக்கும் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனக் குழப்பம் போன்ற ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். நோயாளியின் அறைக்குள் போகும்போது மாஸ்க் போட வேண்டும், அவர் தட்டையும் துணியையும் கையுறையோடு கையாள வேண்டும். மூன்றாண்டு, நான்காண்டு படித்த செவிலியர் செய்யும் வேலை இது. அதை ஒரு பி.டி.எஃப். கோப்பை நம்பி, ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல், பெரும்பாலும் பெண்கள் ஏற்றார்கள். சமையலும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் அதோடு சேர்ந்துகொண்டன. பல வீடுகளில் பார்த்துக்கொண்டவருக்கும் காய்ச்சல் வந்திருந்தது.

---
பெட்டிச் செய்தி: வேலை யாருக்கு, போன் யாருக்கு?

2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் ஊதியமில்லாத வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 76 நிமிடம். வீட்டு வேலையில் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. இது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 70.2 சதவிகிதம், பெண்கள் 46.9 சதவிகிதம்.
---

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும். கஞ்சி காய்ச்சுபவர் ஒருவர், தகவல் வரும் போனை வைத்திருப்பவர் இன்னொருவர். கணவரோ மகனோ கூடத்தில் உட்கார்ந்து பார்த்த வீடியோ, அவர் நினைவில் நின்ற அளவுக்கு, அவர் சொன்ன விதத்தில் அடுக்களைக்குப் போய்ச் சேர்ந்தது. 'ஏழு நாள் கழித்தும் காய்ச்சல் விடாவிட்டால்' என்பதில் 'ஏழு நாள்' வழியிலேயே உதிர்ந்துபோகும். டிஜிட்டல் ஊடகம் எவ்வளவு பேரை எட்டியது என்று நிறுவனங்கள் போடும் கணக்கில் இந்தக் கடைசிப் பத்தடி தூரம் சேர்வதே இல்லை.

ஃபார்வர்டு ஏன் ஜெயித்தது?

வாட்ஸ்அப் தகவலுக்கு மூன்று பலங்கள் இருந்தன. அது தமிழில், பேச்சுத் தமிழில், குரலாக வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும், கை ஈரத்தோடு நிற்கிறவருக்கும் குரல் போதும். இரண்டாவது, அது செயலாக வந்தது. இரண்டு கிராம்பு, ஒரு சிட்டிகை, மூன்று வேளை. அளவும் நேரமும் சொல்கிற எதுவும் மருத்துவம் போலவே தோன்றும். அதே நேரத்தில் அரசுச் செய்தி 'பதற்றப்பட வேண்டாம், விழிப்போடு இருங்கள்' என்றது. பதற்றப்படாமல் இருப்பதற்குக் கையால் என்ன செய்வது?

மூன்றாவது பலம்தான் முக்கியமானது. ஃபார்வர்டு ஒரு முகத்தோடு வந்தது. சித்தப்பா அனுப்பினார், ஊரிலிருந்து அத்தை சொன்னார். கூட்டுக் குடும்ப உறவுகளில் ஒரு மருமகள் இதை ஒதுக்கிவிட்டு, நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், 'அதையும் செஞ்சு பாத்திருக்கலாமே' என்ற பேச்சு காலம் முழுக்க அவர் பின்னால் வரும். அதனால் நம்பாதவர்களும் செய்தார்கள். கற்பூர முடிச்சை வைத்தவர் எல்லோரும் அதை மருந்து என்று நினைத்து வைக்கவில்லை. பின்னால் வரப்போகும் குற்றச்சாட்டுக்கு முன்கூட்டியே கட்டிய காப்பு அது. இந்த அழுத்தத்தைப் புரிந்துகொள்ளாமல், 'இது பொய்' என்று ஒரு சிவப்பு முத்திரை குத்திய படத்தை அனுப்பினால் போதும் என்று நினைப்பது பாதி வேலைதான். யூடர்ன் போன்ற தமிழ்த் தகவல் சரிபார்ப்புத் தளங்களும் மத்திய அரசின் பி.ஐ.பி. சரிபார்ப்புப் பிரிவும் அந்நாட்களில் நன்றாகவே உழைத்தன. ஆனால் சரிபார்ப்பவர் பொதுவெளிக்கு வந்த பொய்யைத்தான் பார்க்க முடியும். குடும்பக் குழுவுக்குள் ஓடும் வாய்ஸ் நோட்டுக்கு அவர் காது எட்டாது. எட்டினாலும், மாமனாரின் தம்பியை மருத்துவரின் பெயரால் மறுக்க மருமகளுக்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணை படமாக இருந்து பயனில்லை, ஆளாக இருக்க வேண்டும்.

'அதிகாரபூர்வத் தகவலை மட்டும் நம்புங்கள்'

சரி, அதிகாரபூர்வத் தகவலை மட்டும் பின்பற்றியவர் என்ன ஆனார்? 2021 ஏப்ரல் இறுதியில் வந்த மத்திய அரசின் வீட்டுத் தனிமை வழிகாட்டுதல், வெந்நீரில் வாய் கொப்பளிக்கலாம், தினம் இரண்டு முறை ஆவி பிடிக்கலாம் என்றது. சில வாரங்களில் தமிழ்நாட்டில் தெருவோரங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்தன. உடனே மருத்துவத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், பொது இடத்தில் ஆவி பிடிக்காதீர்கள், மருத்துவர் சொல்லாமல் பிடிக்காதீர்கள் என்று வேண்டுகோள் விடுத்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் இருந்தவருக்கு இரண்டும் அரசுதான். அதே ஏப்ரல் வழிகாட்டுதல் லேசான நோய்க்கு ஐவர்மெக்டின் மாத்திரையைப் பரிசீலிக்கலாம் என்றது; ஜூன் தொடக்கத்தில் வெளியே வந்த மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககத்தின் பட்டியலில் அது இல்லை. மே 3 அன்று எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, லேசான நோய்க்கு சி.டி. ஸ்கேன் வேண்டாம், ஒரு ஸ்கேன் 300-400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று எச்சரித்தார். கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் அந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்தது. இரண்டு செய்தியும் ஒரே போனில், அடுத்தடுத்து வந்து விழுந்தன.

இவற்றையெல்லாம்விடக் கொடுமையானது பிளாஸ்மா. குணமானவரின் ரத்தப் பிளாஸ்மா, மிதமான நோய் கடுமையாவதையோ மரணத்தையோ தடுக்கவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு கண்டறிந்தது. 2020 அக்டோபரிலேயே அது பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தும்விட்டது. ஆனால் தேசிய சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17 அன்றுதான். இடைப்பட்ட ஏழு மாதத்தில், குறிப்பாக அந்த ஏப்ரலிலும் மேயிலும், ட்விட்டரைத் திறந்தால் பிளாஸ்மா கேட்டுக் கெஞ்சும் பதிவுகள்தான். ரத்தப் பிரிவு, நோயாளியின் வயது, உறவினரின் கைப்பேசி எண். நோயாளியின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மகனும் மகளும் கொடையாளரைத் தேடி ஊர் முழுக்க அலைந்தார்கள். அவர்கள் வதந்தியை நம்பி ஓடவில்லை. மருத்துவர் சீட்டில் எழுதியதை நம்பி ஓடினார்கள்.

அறிவியல் மாறிக்கொண்டே இருந்தது, புதிய நோய், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளுக்கு நாள் சான்று மாறுவது தவறே அல்ல. ஆனால் மாறுகிறது என்பதைச் சொல்லும் முறை இருக்கிறது. புதிய வழிகாட்டுதல் வந்தபோது, பழையதில் எந்த வரி நீங்கியது, ஏன் நீங்கியது, பழையதைப் பின்பற்றியவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் இருப்பவருக்குப் புரியும்படி ஓர் அரைப் பக்கம் தமிழில் வந்திருந்தால் போதும். வந்தது இன்னொரு பி.டி.எஃப்., அதுவும் ஆங்கிலத்தில். பழைய கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நிறுத்தவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் அதே மே மாதத்திலேயே உண்டு. படுக்கை, ஆக்சிஜன் சிலிண்டர் பட்டியல்களைத் தொகுத்த தன்னார்வ இளைஞர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'மாலை 4.30-க்குப் பேசிச் சரிபார்த்தது' என்று நேரம் போட்டார்கள். தகவலுக்கு வயது உண்டு என்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள்.

---
பெட்டிச் செய்தி: சரியாகப் போய்ச் சேர்ந்த ஒரு படம்

2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம், ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் குப்புறப் படுக்கும் முறையைப் படங்களோடு வெளியிட்டது. நாலைந்து தலையணை வேண்டும்: கழுத்துக்குக் கீழே ஒன்று, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. கர்ப்பிணிகள், கடுமையான இதய நோயாளிகள் செய்யக் கூடாது. தாங்க முடிகிற வரை மட்டும் படுத்தால் போதும்.

ஆக்சிமீட்டர் எண் ஏன் தாவுகிறது? விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சு, மருதாணி இருந்தாலோ, கை அசைந்தாலோ அளவு பிசகும். கையைச் சூடாக்கி, அசையாமல் வைத்து, எண் நிலைத்து நின்ற பிறகே படிக்க வேண்டும்.
---

அந்தக் குப்புறப் படுக்கும் படமும் வாட்ஸ்அப்பில்தான் பரவியது, கற்பூர முடிச்சு பரவிய அதே குழுக்களில். தலையணையை எங்கே வைப்பது என்று அது காட்டியது. எப்போது செய்யக் கூடாது என்றும் சொன்னது. கையால் செய்யக்கூடிய ஒன்றைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுத்தது. உண்மையான தகவலும் சரியான உருவத்தில் வந்தால் மக்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கணக்கில் வராத விலை

தவறான தகவலின் விலை என்றதும் விபரீதச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். 2020 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் டிக்டாக் வீடியோவைப் பார்த்து ஊமத்தை விதைச் சாற்றைக் குடித்த குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தன. ஈரானில் சாராயம் வைரஸைக் கொல்லும் என்று நம்பி மெத்தனால் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இவை பெரிய துயரங்கள். ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் நடந்த சேதம் இப்படிக் கண்ணில் படும் விதத்தில் நடக்கவில்லை. அது நேர விரயமாக, பண விரயமாக, காலம் தப்பிய முடிவாக நடந்தது.

ரெம்டெசிவிரை எடுத்துக்கொள்வோம். அது உயிரைக் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லி, உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அது வேண்டாம் என்று பரிந்துரைத்தது. மருத்துவமனையில் மட்டுமே போட வேண்டும், வீட்டுக்கு வாங்கிப் போடாதீர்கள் என்று மத்திய வழிகாட்டுதலும் சொன்னது. ஆனாலும் 2021 ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் விற்பனை தொடங்கியதும், பல மாவட்டங்களிலிருந்தும் உறவினர்கள் வந்து வெயிலில் நின்றார்கள். கையில் மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, ஆதார் நகல். கூட்டம் தாங்காமல் மே நடுவில் விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாறியது. அடுத்த சில நாட்களில் அதையும் நிறுத்தி, மருத்துவமனைகளுக்கே நேரடியாகத் தரும் முறை வந்தது. அந்த வரிசையில் நின்றவர்களில் பலர் வீட்டில் நோயாளியோடு இருந்தவர்கள், அதாவது தாங்களே தொற்றோடு இருந்திருக்கக்கூடியவர்கள். இந்த மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்று இரண்டு நிமிடம் விளக்க ஒருவர் இருந்திருந்தால் வரிசையில் பாதிப் பேர் கலைந்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை நாம் அவர்களுக்குத் தரவே இல்லை.

ஸ்டீராய்டு மாத்திரையின் கதை இன்னும் கனமானது. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. முதல் பாதி மட்டும் பயணம் செய்தது. போட்டோவாகச் சுற்றிய மருந்துச் சீட்டில் அந்த நோயாளிக்குச் சர்க்கரை இருந்ததா, எத்தனையாவது நாள் என்பதெல்லாம் இருக்காது. 2021 ஜூன் இறுதியில் நாட்டில் கறுப்புப் பூஞ்சை நோயாளிகள் 40,845 பேர் என்றார் அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர். அவர்களில் 64 சதவிகிதம் பேர் சர்க்கரை நோயாளிகள், பாதிக்கு மேற்பட்டோர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். எல்லாப் பழியும் வாட்ஸ்அப் சீட்டுக்கு அல்ல. மருத்துவர்களே அவசரப்பட்டுக் கொடுத்தவையும் உண்டு. ஆனால் ஸ்டீராய்டு எடுப்பவருக்குச் சர்க்கரையைத் தினமும் பார்க்க வேண்டும், மூக்கடைப்பும் கண் வீக்கமும் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்ற செய்தி, பூஞ்சை தலைப்புச் செய்தியான பிறகே பெரும்பாலான வீடுகளை எட்டியது.

தடுப்பூசியிலும் இதே கதைதான். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலாளரும் அப்போதே சொன்னார்கள். ஆனால் தேசியக் குழு ஆராய்ந்து அதை உறுதி செய்தது அக்டோபரில். அந்த ஆறு மாதமும், வயதான தாய் தந்தையை முகாமுக்கு அழைத்துப்போக நினைத்த பிள்ளைகளின் எதிரே அந்த ஒரு கேள்வி நின்றது. இடையில் மே மாதம் 18 முதல் 44 வயதினருக்கு ஊசி போடத் தொடங்கியபோது கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம், தளமோ ஆங்கிலத்தில். டிஜிட்டல் இடைவெளியைப் பற்றி உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியது. ஜூனில் இந்திய மொழிகள் சேர்ந்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகே சேர்த்தார்கள்.

மறுப்புகளுக்கு

இதே போன்களால்தானே ஆயிரக்கணக்கானோருக்குப் படுக்கையும் ஆக்சிஜனும் கிடைத்தன என்று ஒருவர் கேட்டால், ஆம் என்பதே பதில். சென்னை டி.எம்.எஸ். வளாகக் கட்டளை மையம் ட்விட்டரில் வந்த கோரிக்கைகளுக்குப் பதில் சொன்னது, இணையவழி மருத்துவ ஆலோசனைத் தளமான இ-சஞ்சீவனியைத் தொடக்கத்திலேயே மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. ஆனால் இந்த வெற்றிகள் என் வாதத்துக்கு எதிரானவை அல்ல. இரண்டிலும் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். கேட்டவருக்கு, அவர் கேட்டதற்குப் பதில் வந்தது. ஃபார்வர்டுக்குக் கடிவாளம் போட்டால் போதும் என்பது இன்னொரு மறுப்பு. 2020 ஏப்ரலில் பலமுறை பரவிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு நபருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது, அத்தகைய செய்திகள் 70 சதவிகிதம் குறைந்ததாகவும் அறிவித்தது. அடுத்த ஆண்டே கற்பூர முடிச்சு வீடு வீடாகப் போனது. கேள்வி தீராதவரை பதில் வேறு வழியில் வந்துகொண்டேதான் இருக்கும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்ப முடியுமா, அதற்குப் பணம் எங்கே என்பதுதான் கனமான மறுப்பு. இதற்குக் கேரளம் ஒரு பதில் சொன்னது. 2020 மார்ச்சில் அந்த மாநிலத்தின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ ஏறத்தாழ 1.9 லட்சம் வாட்ஸ்அப் குழுக்களை அமைத்து 22 லட்சம் பெண்களை இணைத்தது. ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் அக்கம்பக்கத்துப் பெண்கள், ஏற்கெனவே சேமிப்புக் குழுவில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். செய்தி அங்கேயும் வாட்ஸ்அப்பில்தான் போனது. ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க, தெரு முனையில் ஒருத்தி இருந்தாள். சென்னை மாநகராட்சியும் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் மையங்களை நடத்தியது, மருத்துவ மாணவர்களையும் அதில் ஈடுபடுத்தியது. தொற்று தணிந்ததும் அந்த ஏற்பாடும் கலைந்தது.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியோடு வீட்டுக்கே வருகிறார்கள். நோயாளிக்காக அவரைப் பார்த்துக்கொள்பவர் மருத்துவரிடம் பேசலாம் என்று 2020 மார்ச் 25-ன் தொலை மருத்துவ வழிகாட்டுதலே இடம் தருகிறது. ஆக, ஆளும் இருக்கிறார், விதியும் இருக்கிறது. இல்லாதது இரண்டையும் பார்த்துக்கொள்பவரின் போனோடு இணைக்கும் வேலை: அந்தத் தன்னார்வலரின் பெயரில், அவர் குரலில், தேதி போட்டு, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை முதல் வரியில் வைத்து வரும் ஒரு செய்தி, அதற்குக் கீழே இரவிலும் எடுக்கப்படும் ஓர் எண்.

இதற்கு இன்னொரு பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வருகிறது. பப்பாளி இலைச் சாறு, தட்டணு எண்ணிக்கை என்று அதே குழுக்களில் அதே வாய்ஸ் நோட்டுகள் ஓடுகின்றன. காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்கும், வயிற்று வலியும் நிற்காத வாந்தியும் வந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்பதை எத்தனை வீடுகளில் குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்கள்? மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் கொசு மருந்துக்கும் படுக்கைக்கும் ஒதுக்கீடு பேசுகிற அதே மேசையில், இரவிலும் அழைக்கக்கூடிய அந்த எண்ணை யார் எடுப்பார்கள், எத்தனை பேர் முறை வைத்து உட்காருவார்கள், அவர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்பதும் இந்த ஆண்டே முடிவாக வேண்டும்.